தமிழ்த் திரையில் வில்லனும் மறுமுறை பார்த்தலும்

கதையும் முடிவும் தெரிந்த பின்னும் ஒரு திரைப்படத்தைத் திரும்பப் பார்க்கத் தூண்டும் தன்மையே அதன் மறுபார்வை மதிப்பு எனப்படுகிறது. ரசிகர்கள் இதை 'எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காத படம்' என்று எளிமையாகச் சொல்லிவிடுவார்கள். தமிழ்நாட்டில் அத்தகைய படங்களைப் பற்றிய பேச்சு நாயகனில் தொடங்கினாலும் பெரும்பாலும் வில்லனில்தான் போய் நிற்கிறது. 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனி பெரியவரா, 'படையப்பா'வின் நீலாம்பரி பெரியவரா? 'கில்லி'யின் முத்துப்பாண்டியா, 'தனி ஒருவன்' சித்தார்த் அபிமன்யுவா? தேநீர்க் கடை, பேருந்து, கல்லூரி விடுதி என எங்கும் நடக்கும் இந்த வாதத்தில் நாயகர்களை ஒப்பிட்டால் சண்டை வந்துவிடும். வில்லன்களை ஒப்பிட்டால் பேச்சு நீளும்.

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த வழக்கத்தின் பல அடுக்குகளை ஒரே இடத்தில் காணலாம். ஒருபுறம் இரவு முழுவதும் நடக்கும் பாரதக் கூத்து. மறுபுறம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ஷிப்டு வேலையும் மின்சார ரயிலும் கைப்பேசியும். எல்லை தாண்டினால் தெலுங்குத் திரையரங்குகள். வில்லன் இம்மூன்றிலும் இருக்கிறான்.

கூத்துக் களத்தில் துரியோதனன்

முடிவு தெரிந்த கதையை மறுபடி பார்ப்பது சினிமா கொண்டுவந்த பழக்கமன்று. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் பல நாட்கள் தொடர்ந்து நடைபெறும். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் இவ்விழாக்கள் நடந்து வருகின்றன. திரௌபதி சபதம் எடுப்பாள், துரியோதனன் வீழ்வான் என்பது பார்க்க வரும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வரும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர்களைத் தட்டி எழுப்புவார்கள். பெரிய கிரீடமும் புஜக்கட்டைகளும் அணிந்து, கால் சலங்கை அதிரச் சுற்றிவரும் அந்த நுழைவுக்காகவே வருபவர்கள் உண்டு. இன்று திரையரங்குகளில் 'வில்லன் என்ட்ரி'க்கு எழும் விசிலின் தாத்தா அங்கே இருக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது.

திருவிழாவின் கடைசிக் கட்டம் படுகளம். திறந்த வெளியில் மண்ணால் துரியோதனனின் மாபெரும் உருவத்தைப் படுத்த நிலையில் அமைப்பார்கள். அதைச் சுற்றி வீமனும் துரியோதனனுமாக வேடமிட்டவர்கள் போரிடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். அதன் பிறகு துரியோதனனின் மனைவி பெருந்திருவாள் புலம்பும் பகுதி வரும். அத்தனை நாளும் அவனைத் திட்டிக்கொண்டிருந்த பெண்களே அதைக் கேட்டுக் கண்கலங்குவார்கள். வில்லன் வீழ்வது இச்சடங்கின் இன்றியமையாத பகுதி. அவனுக்காக அழுவதும் அப்படியே. இந்த இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மேடை நாடகத்திலும் இந்த ஈர்ப்பு தொடர்ந்தது. படங்களில் வில்லனாகப் பெயர்பெற்ற ஆர்.எஸ்.மனோகர் தம் நாடகக் குழுவில் இராவணனை நாயகனாக்கி 'இலங்கேஸ்வரன்' நடத்தினார். 'சூரபத்மன்' போன்ற நாடகங்களும் அதே வழியில் அமைந்தவை. அவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அரங்கேறின.

சிரிப்பு, முறைப்பு, பேச்சு

வில்லன் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனில் பண்ணையில் உழைத்தவனைக் குறித்தது. ஊர்க்காரன், உழவன் என்ற பொருள் காலப்போக்கில் கீழ்மகன், கெட்டவன் என்று திரிந்தது. யாரைக் கெட்டவன் என்று அழைக்கிறோம் என்பதில் சமூகத்தின் மேல்கீழ் எப்போதும் ஒளிந்திருக்கிறது என்பதற்குச் சொல்லே சாட்சி. தமிழில் எதிர்நாயகன், எதிர்மறைப் பாத்திரம் என்ற சொற்கள் எழுத்தில் வழங்கினாலும் பேச்சில் வில்லன்தான்.

பேசும் படங்களின் முதல் பெரும் வில்லன்கள் குரலால் நின்றவர்கள். பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பு தனி அடையாளம். 1958இல் வெளிவந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் நடனத்தின் நடுவே அவர் உதிர்க்கும் ஒற்றை வரிப் பாராட்டு, படத்தையே பார்க்காதவர்களும் பட்டிமன்றங்களில் எடுத்துவிடும் அளவுக்குப் பழகிவிட்டது. எம்.என்.நம்பியார் கைகளைப் பிசைவதாலும் கண்களை உருட்டுவதாலும் அச்சமூட்டினார். நிஜ வாழ்வில் அவர் சைவ உணவினர்; மதுவைத் தொடாதவர்; அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சபரிமலை சென்ற குருசாமி. எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' (1954) இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கதைத்தலைவனே கெட்டவன். அவன் தொழுநோயில் வீழ்ந்து திருந்துவதுதான் கதை சொல்ல வந்த நீதி. ஆனால் மக்கள் மறுபடி மறுபடி பார்த்தது நீதிக்காக அல்ல, ராதாவின் நக்கலுக்காக.

அதே 1954இல் வந்த 'அந்த நாள்' வேறு வகை. எஸ்.பாலச்சந்தர் இயக்கிய, பாடலே இல்லாத அப்படத்தில் சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் பாத்திரம் ஏற்றார். கொலை செய்தது யார் என்பதே படத்தின் முடிச்சு. திரையுலகில் பெருமதிப்புப் பெற்ற படம் அது. இருந்தும் 'ரத்தக்கண்ணீர்' போல அது தெருவில் புழங்கவில்லை. இந்த வேறுபாடே மறுபார்வையின் இயல்பைக் காட்டுகிறது.

பார்க்காமலே மறுபடி பார்த்தல்

வீட்டில் காட்சிக்கருவி இல்லாத காலத்தில் ஒரு படத்தைத் திரும்பப் 'பார்த்த' வழி காதுதான். வானொலி ஒலிச்சித்திரங்கள், பின்னர் கதைவசன ஒலிநாடாக்கள் ஆகியவை கோயில் திருவிழா, காதணி விழா, திருமண வீடு என எங்கும் குழாய் ஒலிபெருக்கியில் ஓடின. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தில் கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் மோதும் காட்சியை மனப்பாடமாக ஒப்பிக்கும் தலைமுறை இப்படித்தான் உருவானது. அந்தக் காட்சியை நடிக்கும் சிறுவர்களில் யாராவது ஒருவன் ஜாக்சனாக இருந்தே தீர வேண்டும் என்பதை நினைவில் கொள்ளலாம். எதிரில் ஆள் இல்லாமல் வீரவசனம் இல்லை. 1984இல் 'விதி' படத்தின் நீதிமன்ற வசனங்கள் ஒலிநாடாவாகத் தேநீர்க் கடைகளில் ஒலித்தன. அது 'நியாயம் காவாலி' என்ற தெலுங்குப் படத்தின் தமிழாக்கம். அதில் பெண்ணை ஏமாற்றிக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவராக நடித்தவர், அதுவரை மென்மையான காதலனாகவே அறியப்பட்ட மோகன்.

ஒலிநாடாவைத் தொடர்ந்து தொலைக்காட்சியின் ஞாயிறு மதியப் படமும், நாள் முழுவதும் படம் ஓட்டும் கே டிவி போன்ற அலைவரிசைகளும் வந்தன. இன்று அது கைப்பேசியில் இருக்கிறது. சென்னையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். தமிழ்ப் படமோ இரண்டரை மணி நேரம். ஒரு பயணத்தில் புதிய படத்தை முழுதாகப் பார்த்து முடிக்க இயலாது. ஆகவே ஷிப்டு முடிந்து திரும்புபவருக்கு ஏற்கெனவே பார்த்த படம்தான் வசதி. எங்கே விட்டாலும் பாதகமில்லை, எங்கிருந்தும் தொடங்கலாம், தூக்கம் வந்தால் தூங்கலாம். 'பாட்ஷா'வை நேராகப் பின்கதைக்குத் தள்ளிவிட்டு ஆண்டனி வரும் இடத்திலிருந்து பார்ப்பதை யாரும் குறையாகக் கருதுவதில்லை.

ஏன் வில்லன்?

முதல் முறை பார்க்கும்போது மனம் 'அடுத்து என்ன?' என்று ஓடுகிறது. இரண்டாம் முறை அந்த ஓட்டம் இல்லை. எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க ஓய்வு கிடைக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகிய உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்ட சிறுகதைகளை வாசகர்கள் சொல்லப்படாதவற்றைவிடக் கூடுதலாக ரசித்ததாகக் கண்டனர். 12 சிறுகதைகளை வைத்து நடந்த ஆய்வு அது. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பெரிய வியப்பாக இருந்திருக்காது.

முடிவு தெரிந்த கதையில் நாயகனிடம் புதிதாகக் காண்பதற்குக் குறைவாகவே இருக்கும். அவன் வெல்வான், நல்லவனாக இருக்கவேண்டிய கட்டாயமும் அவனுக்கு உண்டு. வில்லனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆசை, அவமானம், பொறாமை, தோல்வி ஆகிய எல்லாவற்றையும் அவன் வெளிப்படையாகக் காட்டலாம். நடிகருக்கு அங்கேதான் இடம். ரஜினிகாந்த் 'மூன்று முடிச்சு' (1976), '16 வயதினிலே' (1977) படங்களிலும், சத்யராஜ் 'நூறாவது நாள்' (1984), 'காக்கிச் சட்டை' (1985) படங்களிலும் வில்லன்களாகவே மக்கள் மனத்தில் பதிந்து பிறகு நாயகர்களானதற்கும் இதுவே காரணம். படத்தின் வெற்றி வில்லன் எவ்வளவு நன்றாக அமைகிறான் என்பதைப் பொறுத்தது என்று ஆல்பிரட் ஹிட்ச்காக்கும் கருதினார். 'தனி ஒருவன்' (2015) இதையே கதையாக்கியது. அதில் நாயகன் தனக்குத் தகுதியான எதிரியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். அரவிந்த் சுவாமி ஏற்ற சித்தார்த் அபிமன்யு இல்லாவிட்டால் அவன் இன்னொரு காவல்துறை அதிகாரி மட்டுமே.

'படையப்பா'வில் (1999) இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. தன் வீட்டுக்கு வரும் படையப்பாவுக்கு நாற்காலி தராமல் நீலாம்பரி கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறாள். அவன் மேலே கட்டிவைத்திருக்கும் ஊஞ்சலைத் துண்டால் இழுத்துவிட்டு உட்காருகிறான். துண்டு வீச்சுக்குத் திரையரங்கு அதிரும். ஆனால் அக்காட்சியைத் தாங்கி நிற்பது நாற்காலி மறுக்கும் அந்த அலட்சியம். ரம்யா கிருஷ்ணனின் உட்காரும் தோரணையை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஓர் ஊஞ்சல்தான். இப்பாத்திரத்துக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நந்தினி தூண்டுதல் என்று ரஜினிகாந்த் கூறியுள்ளார்.

புதிர்ப் படங்களின் மறுபார்வை வேறு விதம். 'துருவங்கள் பதினாறு' (2016), 'மகாராஜா' (2024) போன்றவற்றை இரண்டாம் முறை பார்ப்பவர், முதல் முறை கண்ணில் படாத தடயங்களைத் தேடுகிறார். 'மகாராஜா'வில் அனுராக் காஷ்யப் வரும் வீட்டுக் காட்சிகள் இரண்டாம் பார்வையில் முற்றிலும் வேறு பொருள் தருகின்றன (காரணத்தை இங்கே சொல்வது பார்க்காதவர்களுக்கு அநியாயம்). ஆனால் தடயமெல்லாம் கிடைத்துவிட்டால் மூன்றாம், நான்காம் முறைக்குத் தேவை குறைந்துவிடுகிறது. 'ரத்தக்கண்ணீர்' போன்ற ருசிப் படங்களுக்கு அந்த வரம்பு இல்லை.

எல்லை தாண்டும் வில்லன்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு, மேற்கு ஓரங்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. இங்கு ஒரே கதையை இரு மொழியிலும் பார்த்தவர்கள் இருப்பதால் வில்லன் விவாதத்துக்குக் கூடுதல் சுவை.

ரகுவரனை எடுத்துக்கொள்வோம். ராம் கோபால் வர்மாவின் தெலுங்குப் படம் 'சிவா' (1989) தமிழில் 'உதயம்' என்ற பெயரில் வெளிவந்தது. அதில் பவானி என்ற ரவுடியாக ரகுவரன் கத்தவில்லை, சிரிக்கவில்லை; தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார். வீரப்பா, நம்பியார் மரபுக்கு நேர் எதிரான நடிப்பு. ஆறு ஆண்டுகள் கழித்து 'பாட்ஷா'வில் (1995) மார்க் ஆண்டனியாக அவர் வந்தது பெரும்பாலும் இடைவேளைக்குப் பிறகே. திரையில் இருக்கும் நேரம் குறைவு. நினைவில் இருக்கும் நேரம் அப்படியல்ல.

'ஒக்கடு' (2003), 'கில்லி' (2004) இணை இன்னும் நேரடியான ஒப்பீடு. இரண்டிலும் வில்லன் பிரகாஷ்ராஜ். தெலுங்கில் அவர் கர்னூல் பகையரசியலின் ஓபுல் ரெட்டி. தமிழில் மதுரை முத்துப்பாண்டி. கதை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முத்துப்பாண்டியிடம் ஒரு கிறுக்குத்தனமும் காதல் ஏக்கமும் கூடியிருந்தன. அவர் வாயிலிருந்து வரும் 'செல்லம்' என்ற அன்புச் சொல் மிரட்டலைவிடப் பயமுறுத்தியது. மறுபக்கம், கோட்டா சீனிவாச ராவ் 'சாமி'யில் (2003) திருநெல்வேலிப் பெரும்புள்ளி பெருமாள் பிச்சையாக வந்து தெற்கத்திக்காரராகவே ஏற்கப்பட்டார்.

இந்தப் போக்குவரத்து பார்வையாளர்களுக்கும் உண்டு. கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆரம்பாக்கம், தடா வழியாகச் சென்றால் வரும் சூளூர்ப்பேட்டையில் 2019இல் சுமார் 100 அடி அகலத் திரையுடன் ஒரு பெரிய திரையரங்கம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அந்தத் திரைக்காகவே அவ்வளவு தூரம் வண்டியோட்டிப் போகும் ரசிகர்கள் உள்ளனர். தமிழ்நாட்டில் 2023இல் வெளியான 'லியோ'வுக்குக் காலை 9 மணிக்கு முன் காட்சி இல்லை என்றானபோது, அதிகாலைக் காட்சிக்காக எல்லையோர மக்கள் அண்டை மாநிலங்களுக்குச் சென்றனர்.

மறுவெளியீடு

மறுபார்வைக்கு விலை உண்டு என்பதைத் திரைத்துறை உணர்ந்தது 2012 மார்ச் 16 அன்று 'கர்ணன்' (1964) மின்னணு முறையில் சீரமைக்கப்பட்டு வெளியானபோது. சிவாஜி கர்ணனாக, என்.டி.ராமராவ் கண்ணனாக நடித்த அப்படத்தில் துரியோதனன் எஸ்.ஏ.அசோகன். கூத்தில் அதிரும் அதே துரியோதனன், இங்கே நண்பனுக்காக எதையும் தரும் கனிவானவன். படம் நூறு நாட்களைக் கடந்து ஓடியது. 2014இல் நம்பியாரும் மனோகரும் எதிரிகளாக வரும் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) அதே வழியில் வந்து வெற்றி பெற்றது.

2024 ஏப்ரல் 20 அன்று 'கில்லி' மீண்டும் திரைக்கு வந்தபோது, படம் முதலில் வெளியான ஆண்டில் பிறந்திராத இளைஞர்கள் அரங்குகளை நிரப்பினர். பெரும்பாலோர் அதைத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்தவர்கள். புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஒன்றாகக் கூடிச் சொல்லிப்பார்க்க நிறைய இருந்தது. முத்துப்பாண்டியின் வசனங்களை அரங்கமே அவருக்கு முன்னால் சொன்னது. 2025 டிசம்பர் 12 அன்று 'படையப்பா'வும் மறுவெளியீடு கண்டது.

துண்டுக் காட்சியில் வீழாத வில்லன்

கூத்துக்கும், ஒலிநாடாவுக்கும், மறுவெளியீட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: வில்லன் கடைசியில் வீழ்வான். கைப்பேசியில் புழங்கும் அரை நிமிடத் துண்டுக் காட்சியில் அது இல்லை. அங்கே வில்லனின் நுழைவும் முறைப்பும் பின்னணி இசையும் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். படுகளம் வராது.

மாரி செல்வராஜ் இயக்கி 2023 ஜூன் 29 அன்று வெளியான 'மாமன்னன்' இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. பகத் பாசில் ஏற்ற இரத்தினவேல், ஆதிக்கச் சாதித் திமிரே உருவான அரசியல்வாதி. பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்பவனாக அவன் அறிமுகமாகிறான். வடிவேலு நடித்த மாமன்னன் சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் அவன் முன் நாற்காலியில் உட்கார முடியாது. 'படையப்பா'வில் செல்வச் செருக்கு மறுத்த நாற்காலியை இங்கே சாதி மறுக்கிறது. தந்தையை உட்காரச் சொல்லி மகன் வற்புறுத்தும் இடத்தில்தான் மோதல் வெடிக்கிறது.

படம் அதே ஆண்டு ஜூலை இறுதியில் இணையத் தளத்தில் வந்ததும், இரத்தினவேலின் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து, சாதிப் பெருமை பேசும் பாடல்களைச் சேர்த்துப் பலர் பரப்பினர். வெவ்வேறு சாதியினர் தத்தம் பாடலை இணைத்து அவனைத் தம் ஆளாகக் கொண்டாடியது விசித்திரம். சாதிவெறியைக் காட்டிக்கொடுக்க எழுதப்பட்ட பாத்திரம் சாதிவெறிக்குச் சுவரொட்டியானது. பகத் பாசில் தம் முகநூல் முகப்பில் அப்பாத்திரத்தின் படத்தை வைத்துப் பின்னர் நீக்கியதும் செய்தியானது.

பழி யார்மீது என்ற வாதம் அன்று முதல் ஓயவில்லை. வில்லனை இவ்வளவு கம்பீரமாகக் காட்டியிருக்கக் கூடாது என்பது ஒரு தரப்பு. நடிகர் தம் வேலையைச் செவ்வனே செய்தார், நோய் பார்ப்பவர் கண்ணில் என்பது மறுதரப்பு. இரண்டாவதில் உண்மை அதிகம். பலமில்லாத வில்லனை வைத்துச் சாதியின் பலத்தைக் காட்ட முடியாது. ராதாவும் ரகுவரனும் அடக்கி வாசித்திருந்தால் அவர்கள் படங்களும் நின்றிருக்காது. ஆனால் ஒரே காட்சியை யார், எந்தப் பாடலோடு, எங்கே நிறுத்திப் பார்க்கிறார்கள் என்பது 1954இல் இல்லாத கேள்வி. முழுப் படத்தில் இரத்தினவேல் தோற்கிறான். மாமன்னன் சட்டப்பேரவைத் தலைவரின் நாற்காலியில் அமர்கிறார். பரவிய துண்டுக் காட்சிகள் எல்லாம் அதற்கு முன்பே முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கின.